அலுவலகங்களுக்கும் வேண்டும் சொல்வதெழுதுதல் போட்டி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராகப் பணிபுரிகிறேன். எங்கள் வட்டாரத்துச் சங்கங்களின் பணியாளர்கள் ஒன்றுகூடி, அலுவல் முடிந்த ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில், கடினமான சொற்களைக் கொண்டு சொல்வதெழுதுதல் போட்டி ஒன்றை நடத்தினோம். செயலாளர், காசாளர், நகை மதிப்பீட்டாளர், நியாயவிலைக் கடை விற்பனையாளர் என்று பலரும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தோம். நானும் எழுதினேன். அதன்பின் இதைப் பற்றிப் பேசிய இடங்களில், நன்கு படித்தவர்கள்கூட ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: ஆங்கிலத்துக்கு எழுத்துக்கூட்டல் போட்டி வைத்தால் பொருள் உண்டு, ஒலிப்பதையே எழுதும் தமிழுக்கு அது எதற்கு? இந்தக் கேள்விக்கு விடை சொல்லவும், இத்தகைய போட்டி ஒவ்வோர் அலுவலகத்திலும் நடைபெற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவும், நடத்துவதானால் எப்படி நடத்த வேண்டும் என்று நாங்கள் கண்டதை எடுத்துரைக்கவும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொலைவு யாவரும் அறிந்ததே. அமெரிக்காவில் 1925ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய எழுத்துக்கூட்டல் போட்டி அந்தத் தொலைவை வைத்தே நடக்கிறது. சொல்லின் பொருள் என்ன, எந்த மொழியிலிருந்து வந்தது, ஒரு தொடரில் வைத்துச் சொல்ல முடியுமா, இன்னொரு முறை ஒலிக்க முடியுமா என்று கேட்கும் உரிமை அங்கே போட்டியிடும் சிறுவர் சிறுமியருக்கு உண்டு. 1985இல் பாலு நடராசன் என்னும் இந்திய வம்சாவளிச் சிறுவர் அங்கே வென்றார். 2019இல் எவரும் தோற்காமல் எட்டுப் பேர் கடைசிவரை நின்று, பட்டத்தை எட்டுப் பேரும் பகிர்ந்துகொண்டார்கள். இந்தச் செய்திகளையெல்லாம் படித்துப் பூரித்துப் போகும் நாம், நம் மொழியில் அப்படியொரு சோதனைக்கு இடமே இல்லை என்று எண்ணிக்கொள்கிறோம்.

தமிழ் ஒலிப்பதை எழுதும் மொழி என்பது உண்மைதான். ஆனால், பதினெட்டு மெய்களையும் வாய் தனித்தனியே ஒலிக்கும்வரைதான் அது உண்மை. ரகரத்துக்கும் ழகரத்துக்கும் நுனிநா மேல்நோக்கி எழுந்து அண்ணத்தை வருட வேண்டும் என்றும், றகரத்துக்கும் னகரத்துக்கும் அந்த நுனிநா அண்ணத்தை ஒற்ற வேண்டும் என்றும் தொல்காப்பியத்தின் பிறப்பியல் கூறுகிறது. லகரத்துக்கு ஒற்றுதல், ளகரத்துக்கு வருடுதல் என்று அங்கும் பிரிவு உண்டு. இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துவைத்த ஒலிகளில் பல இன்று நம் வாயில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. மழை ‘மளை’ ஆகிறது. வாழைப்பழம் ‘வாளப்பளம்’ ஆகிறது. காற்று ‘காத்து’ ஆகிறது. கன்றுக்குட்டி ‘கண்ணுக்குட்டி’ ஆகிறது. பேச்சு வழக்கைக் குறை சொல்ல இதை நான் எழுதவில்லை. வீட்டிலும் வயலிலும் கடைத்தெருவிலும் நெல்லைப் பேச்சு நெல்லைப் பேச்சாகவே இருக்க வேண்டும். அதை யாருக்காகவும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆயினும், அந்தப் பேச்சின் ஒலியை மட்டும் காதில் வைத்துக்கொண்டு பதிவேட்டில் எழுத உட்காரும்போது, ரகரமா றகரமா என்று கைக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. ஆங்கிலம் எழுதுவோருக்குச் சிக்கல் எழுத்தில் இருக்கிறது. நமக்கு அது நாவிலும் காதிலும் இருக்கிறது. எனவே தமிழில் இந்தப் போட்டிக்கு இடம் உண்டு என்பது மட்டுமன்று, அதன் தன்மையே வேறு என்பதும் விளங்கும்.

இது எங்கள் போட்டியின் முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது. சொற்களை வாசிக்க எங்களுள் ஒருவரையே அமர்த்தியிருந்தோம். அவர் ‘பொறுப்பு’ என்று சொன்னவுடன், “எந்த று?” என்று பல குரல்கள் எழுந்தன. “பெரிய று” என்று அவரும் சொல்லிவிட்டார். அடுத்த சொல்லுக்கு, “மூணு சுழியா, ரெண்டு சுழியா?” என்று கேட்டார்கள்; அதற்கும் விடை கிடைத்தது. கேட்டவர்கள்மேல் குறை இல்லை. பள்ளியில் படித்த காலத்திலிருந்து நமக்கு அப்படித்தான் பழக்கம். ஆனால், எழுத்து இன்னது என்று சொல்லிவிட்டபின் அங்கே சோதித்துப் பார்க்க என்ன மிஞ்சுகிறது?

இரண்டாம் சுற்றிலிருந்து, விருந்தினராக வந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாசிக்கும் பொறுப்பை ஏற்றார். ஒவ்வொரு சொல்லையும் முதலில் தனியாகவும், பிறகு ஒரு தொடரில் வைத்தும், மீண்டும் தனியாகவும் ஒலித்தார். பொருள் கேட்கலாம், வேறொரு தொடர் கேட்கலாம், எந்த எழுத்து என்று மட்டும் கேட்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சிறிது நேரம் அறையில் தடுமாற்றம் இருந்தது. பிறகு எல்லாரும் அவருடைய வாயசைவைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினோம். ‘கரை’ என்று சொல்லும்போதும் ‘கறை’ என்று சொல்லும்போதும் அவர் நாவில் நிகழ்ந்த மாற்றம் கேட்போர் காதில் தெளிவாக விழுந்தது. நெடுங்காலம் ஒன்றென்றே எண்ணியிருந்த இரண்டு ஒலிகளை வேறு வேறாகக் கேட்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. நல்ல தமிழாசிரியர் ஒருவர் வாய்விட்டுச் சொல்லக் கேட்பது எத்தகைய பேறு என்பதை அன்று உணர்ந்தேன். அத்தகைய ஆசிரியர்கள் ஓய்வுபெற்று ஊர்தோறும் இருக்கிறார்கள், அவர்களை அழைப்பார்தான் இல்லை.

கடினச் சொற்கள் என்றதும், நிகண்டுகளில் மட்டும் கிடக்கும் அருஞ்சொற்கள் வருமென்று சிலர் எதிர்பார்த்திருந்தார்கள். பட்டியல் தயாரித்தவர்கள் அப்படிச் செய்யாமல், எங்கள் பதிவேடுகளிலும் ரசீதுகளிலும் ஆவணங்களிலும் இருந்து பெரும்பாலான சொற்களை எடுத்திருந்தார்கள். அது நல்ல முடிவு. ‘ரூபாய் முன்னூறு மட்டும்’ என்று நாள்தோறும் எழுதுகிறோம். மூன்றும் நூறும் சேர்ந்தால் முந்நூறு. அங்கே வருவது தந்நகரம். சில்லறை என்பதைச் ‘சில்லரை’ என்கிறோம். எண்ணெய் என்பதை ‘எண்ணை’ என்கிறோம். அடமான ஆவணத்தில் நான்கெல்லை எழுதும்போது ‘வடபுறச் சுவற்றுக்குத் தெற்கு’ என்று எழுதாதவர் அரிது. கிணறு, வயிறு போன்றவை று என்னும் எழுத்தில் முடிவதால் கிணற்றில், வயிற்றில் என்று ஆகும். சுவர் ரகர ஒற்றில் முடிவதால் சுவரில், சுவருக்கு என்றே நிற்கும். சுற்றறிக்கைகளில் ஓயாமல் வரும் ‘பயிற்ச்சி’யும் ‘அதற்க்கு’ம் போட்டித் தாள்களிலும் வந்தன. டகர ஒற்றுக்கும் றகர ஒற்றுக்கும் பின்னால் இன்னோர் ஒற்று வாராது. ஆட்சி, காட்சி, முயற்சி, பயிற்சி, அதற்கு என்றுதான் எழுத வேண்டும். ரகர, யகர, ழகர ஒற்றுகளுக்குப் பின்னால் வரும்; வளர்ச்சி, வாய்க்கால், வாழ்த்து ஆகியவற்றைக் காண்க. இந்த ஒரு விதியை மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்துக்கொண்டாலே அலுவலகக் கடிதங்களில் பல பிழைகள் நின்றுவிடும்.

டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று நாம் சிறு வயதில் மனப்பாடம் செய்த பெயர்களிலேயே வழிகாட்டுதல் இருப்பதையும் ஆசிரியர் சுட்டிக்காட்டினார். டகரத்துக்கு முன் ண், றகரத்துக்கு முன் ன், தகரத்துக்கு முன் ந் என்பதே அந்தப் பெயர்களின் கருத்து. கங்கைகொண்டான் என்னும் ஊர்ப் பெயரை எழுதுகையில் நடுவில் எந்த ஒற்று வரும் என்று இனிமேல் யாரும் ஐயுற வேண்டியதில்லை.

ஊர்ப் பெயர்களுக்கென்று ஒரு சுற்றே இருந்தது. குற்றாலத்து நீரைக் கொண்டுவந்து சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கும் சிற்றாற்றை நாம் ‘சித்தாறு’ என்று சொல்கிறோம். சிற்றாறு என்று எழுதும்போது றகரம் மூன்று இடங்களில் வருகிறது. குறுக்குத்துறை, சிந்துபூந்துறை, ஆழ்வார்குறிச்சி, களக்காடு, மூலைக்கரைப்பட்டி, திருக்குறுங்குடி ஆகியவற்றை நாள்தோறும் சொல்பவர்களே எழுதும்போது தயங்கினார்கள். தாழையூத்து என்னும் பெயரை ‘தாழையூற்று’ என்று எழுதியவர் இலக்கணப்படி சிந்தித்துத்தான் எழுதினார். எனினும் அரசுப் பதிவிலும் புகைவண்டி நிலையத்திலும் வழங்குவது தாழையூத்துதான். ஊர்ப் பெயருக்குப் பதிவேட்டு வடிவமே அளவுகோல் என்று நடுவர்கள் முடிவு செய்தது சரியானதே. ஆனால், சேரன்மகாதேவி என்றும் சேரன்மாதேவி என்றும், சங்கரன்கோவில் என்றும் சங்கரன்கோயில் என்றும் இரு வகையாகவும் வழங்கும் பெயர்களைப் போட்டியில் சேர்க்காமல் விட்டுவிடுவதே முறை. இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஊர்ப் பெயர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றும் அரசாணை 2020இல் வெளியாகி, சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அப்போது ஆங்கிலத்தில் எந்த எழுத்தை எத்தனை முறை போடுவது என்று ஊரெங்கும் வாதிட்டார்கள். அந்த ஊர்களின் பெயரைத் தமிழில் பிழையின்றி எழுதுகிறோமா என்று எவரும் கேட்டதாக நினைவில்லை.

தனிச் சொற்களைவிடக் கடுமையாக இருந்தவை தொடர்கள். வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும் தனிச் சொல்லில் தெரியாது. இரண்டு சொற்கள் சேரும்போதுதான் தெரியும். எங்கள் நிறுவனத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்பதில் வேளாண்மைக்குப் பின் ஓர் ஒற்று மிகுகிறது, கூட்டுறவுக்குப் பின் ஓர் ஒற்று மிகுகிறது, கடனுக்குப் பின் மிகுவதில்லை. நாள்தோறும் அந்தப் பெயர்ப்பலகையின் கீழ் நுழைந்து வருபவர்களுள் பலர் அன்று அதை எழுதும்போது தவறவிட்டார்கள். நகைக் கடன், பயிர்க் கடன், நிலுவைத் தொகை, வட்டித் தள்ளுபடி, பற்றுச்சீட்டு என்று நாங்கள் கையாளும் தொடர்கள் அனைத்தும் இந்தச் சோதனைக்கு உரியவை. அவற்றுள் மிகவும் நுட்பமானது ‘வாராக் கடன்’. ‘வராத கடன்’ என்று எழுதும்போது ஒற்று மிகாது. அதுவே ஈறு கெட்டு ‘வாரா’ என்று நிற்கும்போது ஒற்று மிகுந்து ‘வாராக் கடன்’ என்று ஆகும். பொருள் ஒன்றாக இருந்தும் எழுத்து மாறுவதற்குக் காரணம் என்ன என்று காசாளர் கேட்க, ஆசிரியர் எதிர்மறைப் பெயரெச்சத்தையும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தையும் எடுத்துக்காட்டுகளோடு விளக்கினார். கணக்கைத் தவிர வேறெதிலும் நாட்டம் இல்லாதவர் என்று நாங்கள் நினைத்திருந்தவர், செல்லாக் காசு, அழியாப் புகழ், ஓயா மழை என்று தாமே அடுக்கத் தொடங்கினார். ‘ஓயா மழை’யில் ஒற்று மிகாததற்குக் காரணம் மகரம் மெல்லினம் என்பதையும் அவரே கண்டுபிடித்தார். பரிசளிப்பைவிட அந்தச் சில நிமிடங்களே போட்டியின் சிறப்பு என்பேன்.

நடுவர்களின் முடிவு பற்றி ஒரு பூசலும் எழுந்தது. ஆசிரியர் ‘உளுந்து’ என்று ஒலிக்க, விற்பனையாளர் ஒருவர் ‘உழுந்து’ என்று எழுதியிருந்தார். பிழை என்று சுழித்துவிட்டார்கள். தம் பாட்டியார் அப்படித்தான் எழுதுவார் என்று அவர் விடாமல் வாதிட்டார். உளுந்தஞ்சோற்றையும் உளுந்தங்களியையும் உண்டு வளர்ந்த ஊரில் அதை எப்படி எழுதுவது என்று தெரியாமலா போகும் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை எடுத்துப் பார்த்தபோது இரண்டு வடிவமும் அதில் இருந்தன. அகநானூற்றிலேயே ‘உழுந்து’ என்ற வடிவம் இருக்கிறது என்று ஆசிரியர் சொன்னார். மதிப்பெண் திருத்தப்பட்டது. ஆறு தொகுதிகளாக 1924 முதல் 1936 வரை வெளிவந்த அந்தப் பேரகராதியின் பதிப்பாசிரியராக உழைத்த ச. வையாபுரிப் பிள்ளை நம் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர் என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அமெரிக்கப் போட்டிக்கு மெரியம்-வெப்ஸ்டர் அகராதி ஒன்றே தீர்ப்பு சொல்வதுபோல, நம் போட்டிக்கும் ஓர் அகராதியை முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். கோயில் - கோவில், பவளம் - பவழம், மதில் - மதிள் என்று இரு வடிவமும் ஏற்கப்பட்ட சொற்கள் தமிழில் பல உள்ளன. அவற்றை எழுதியவரைத் தண்டிப்பது அறமன்று.

முதலிடங்களைப் பெற்ற இருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் ஞாயிறுதோறும் தம் ஊர் ஆலயத்தில் திருமறைப் பகுதியை வாசிப்பவர். மற்றவர் நெல்லையப்பர் கோயிலில் ஞானசம்பந்தரின் திருநெல்வேலிப் பதிகத்தை ஓதக் கேட்டுக் கேட்டுத் தாமும் ஓதப் பழகியவர். இருவருமே இலக்கணம் தனியாகப் படித்தவர்கள் அல்லர். வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள். கண்ணால் மட்டும் படிக்கும் என்னைப் போன்றோர் அவர்களுக்கு மிகவும் பின்னே இருந்தோம். இதைக் கொண்டு பொது விதி வகுத்துவிட முடியாது என்றாலும், ஒலிப்பைப் பற்றி மேலே எழுதியதற்கு இது இசைவாகவே இருக்கிறது.

இவ்வளவு பாடுபட வேண்டுமா, கணினி திருத்திக் கொடுத்துவிடாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கரையும் கறையும் நல்ல தமிழ்ச் சொற்களே. தனிச் சொல்லாகப் பார்த்துத் திருத்தும் கருவிக்கு இரண்டும் சரியாகவே தெரியும். வள்ளியம்மாளும் வல்லியம்மாளும் நம் பக்கத்தில் வழங்கும் பெயர்களே. பட்டாவில் வள்ளியம்மாள் என்றும் சங்கப் பதிவேட்டில் வல்லியம்மாள் என்றும் இருந்தால் எந்தக் கருவியும் அதைப் பிழையென்று சொல்லாது. அந்த அம்மாள் இருக்கும்வரை யாருக்கும் கவலையில்லை. அவர் காலமானபின் பங்குத் தொகையையும் வைப்புத்தொகையையும் கேட்டுப் பிள்ளைகள் வரும்போதுதான், இரு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று சான்று வாங்குவதற்காக அவர்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க நேர்கிறது. கிரயப் பத்திரத்தில் அப்படி நேர்ந்திருந்தால் பிழைத்திருத்தல் ஆவணம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு எழுதிக் கொடுத்தவர் வந்து கையொப்பமிட வேண்டும். அவர் மும்பையில் குடியேறியிருப்பார், அல்லது உயிரோடு இருக்கமாட்டார். ஒரு ளகரத்தைக் காதால் சரியாகக் கேட்டுக் கையால் சரியாக எழுதாத எழுத்தர் ஒருவரால், எழுத்தறியாத ஒரு குடும்பம் படும் பாட்டை நான் என் மேசைக்கு எதிரே பலமுறை பார்த்திருக்கிறேன். என்னைப் பொறுத்தவரை எழுத்துப் பிழை என்பது புலவர்களின் கவலை அன்று. மக்களுக்குச் செய்யும் பணியில் நேரும் குறை.

தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் 27.12.1956 அன்று இயற்றப்பட்டது. அதை நினைவுகூர்ந்து தமிழ் வளர்ச்சித் துறை ஆண்டுதோறும் ஆட்சிமொழிச் சட்ட வாரத்தை நடத்துகிறது. பயிலரங்குகளும் பட்டிமன்றங்களும் பேரணிகளும் அப்போது நடைபெறுகின்றன. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலாவது அந்த வாரத்தில் அலுவலகப் பணியாளர்களுக்குச் சொல்வதெழுதுதல் போட்டியையும் சேர்க்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். தனியார் அலுவலகங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வாசிப்பவர் நல்ல ஒலிப்பு உடையவராக இருக்க வேண்டும். ‘பெரிய ற’, ‘மூன்று சுழி ண’ என்று எழுத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. சொற்களும் தொடர்களும் அந்தந்த அலுவலகத்தின் கோப்புகளிலிருந்தே எடுக்கப்பட வேண்டும்: மருத்துவமனையாயின் நோயும் மருந்தும், மின்வாரியமாயின் இணைப்பும் கட்டணமும், வருவாய்த் துறையாயின் புலமும் எல்லையும் வர வேண்டும். திருத்திய தாளை அவரவர் கையில் மட்டும் கொடுக்க வேண்டும். குறைந்த மதிப்பெண்ணைப் பலர் முன்னிலையில் வாசித்தால், அடுத்த முறை மூத்த பணியாளர்கள் வரமாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் போட்டி புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான தேர்வாகிவிடும்.

எங்கள் சங்கங்களில் அடுத்த போட்டிக்கான பட்டியல் தயாராகி வருகிறது. வல்லினம் மிகும் தொடர்களுக்குத் தனிச் சுற்று வைப்பதென்றும், வாசிப்பதற்கு அதே ஆசிரியரை அழைப்பதென்றும், போட்டி முடிந்ததும் ஒவ்வொரு சொல்லையும் எல்லாரும் சேர்ந்து வாய்விட்டு ஒலித்துப் பார்ப்பதென்றும் முடிவு செய்திருக்கிறோம். பிற அலுவலகத்தார் தாங்களும் எழுதிப் பார்க்க விரும்பினால், அவர்களுக்கும் இருக்கை போடுவதில் எங்களுக்குத் தயக்கமில்லை.

இப்படிக்கு,
கூட்டுறவுச் சங்க எழுத்தர் ஒருவர்,
சேரன்மகாதேவி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.